குளிர்காலத்தில் ஓராண்டுப் படங்களைத் திரும்பிப் பார்ப்பது: அமெச்சூர் புகைப்படக்காரருக்கான முழுமையான வழிகாட்டி

பகல் சுருங்கிவிட்டது. வெளியே போய்ப் படம் எடுக்கும் நேரம் குறைகிறது. ஹார்டு டிஸ்க்கில் ஓராண்டுப் படங்கள் சேர்ந்து கிடக்கின்றன. இந்த நேரத்தில் பலரும் செய்வது, பிடித்த பத்துப் பன்னிரண்டு படங்களைப் பொறுக்கி எடுத்துப் பகிர்வதோடு நிறுத்திக்கொள்வது. சந்தோஷமான வேலைதான், ஆனால் அதில் கற்றுக்கொள்வது குறைவு. நன்றாக வந்த படம் ஏன் நன்றாக வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். வெளிச்சம், இடம், நல்ல நேரம் எல்லாம் அதில் கலந்திருக்கும். கெட்டுப்போன படம் அப்படியில்லை. எதனால் கெட்டது என்பதை அதை உற்றுப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். எடுத்த ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அதனால் இந்த வழிகாட்டி, நல்ல படங்களைத் தேர்வு செய்யும் அளவுக்குத் தள்ளிய படங்களைப் படிப்பதற்கும் நேரம் ஒதுக்கச் சொல்கிறது.

முதலில் நேரக் கணக்கு. பத்தாயிரம் படங்களை, ஒன்றுக்கு இரண்டு நொடி வீதம் பார்த்தாலே ஐந்தரை மணி நேரம் ஆகும். முழு வேலையையும் மூன்று நான்கு வாரங்களுக்குப் பரப்பிக்கொள்ளுங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்த்தால் கடைசி இரண்டாயிரம் படங்களுக்கு நியாயம் கிடைக்காது.

1. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருதல்

கேமரா கார்டுகள், போன், பழைய மடிக்கணினி என்று சிதறிக் கிடப்பதை ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவாருங்கள். உள்ளே ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் துணை ஃபோல்டர்கள் இருந்தால் போதும். பெயர் வரிசையும் தேதி வரிசையும் ஒன்றாகிவிடும்.

போன் படங்களில் ஒரு கவனம் வேண்டும். இடத்தை மிச்சப்படுத்தும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், அசல் கோப்பு கிளவுடில் இருக்கும், போனில் இருப்பது சுருங்கிய பிரதி மட்டுமே. கேபிள் போட்டு நகலெடுத்தால் அந்தச் சுருங்கிய பிரதிதான் வந்து சேரும். அசலை கிளவுடிலிருந்தே இறக்குங்கள்.

ஒரே படம் இரண்டு முறை வந்திருந்தால் நீக்கலாம். ஆனால் கோப்பின் பெயரை மட்டும் நம்பி நீக்காதீர்கள். பல கேமராக்களில் எண் 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001-இலிருந்து தொடங்கும். நிறைய எடுப்பவர்களிடம் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு படங்கள் இருப்பது சகஜம். பெயர், கோப்பின் அளவு, எடுத்த நேரம் மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே அது இரட்டைப் பிரதி.

அடுத்தது கடிகாரம். கேமராவும் போனும் வெவ்வேறு நேரம் காட்டினால், ஒரே நிகழ்ச்சியின் படங்கள் முன்பின்னாகக் கலந்துவிடும். போனின் கடிகாரத்தைக் கேமராவில் ஒரு படம் எடுங்கள். படத்தில் தெரியும் நேரத்துக்கும் கோப்பில் பதிவான நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. சரியாக ஒரு மணி, இரண்டு மணி என்று முழு மணியாக இருந்தால் பெரும்பாலும் நேர மண்டலம் மாற்றாமல் விட்டதுதான் காரணம். படத்தோடு தகவலைப் பதியும் எக்ஸிஃப் முறை 1995-இல் வந்தது. ஆனால் 2016-இல் 2.31 பதிப்பு வரும்வரை நேர மண்டலத்தைக் குறிக்க அதில் தனி இடமே கிடையாது. தேதியே பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், கேமராவுக்குள் கடிகாரத்தை ஓட்டும் சிறிய செல் இறங்கிவிட்டது என்று பொருள். படங்களை அடுக்கித் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில், எடுத்த நேரத்தை மாற்றும் வசதி மெனுவிலேயே உண்டு. இலவசமாகக் கிடைக்கும் எக்ஸிஃப்டூல், ஒரு ஃபோல்டர் முழுவதற்கும் ஒரே வித்தியாசத்தைக் கூட்டவோ கழிக்கவோ செய்யும். அதை நகல் ஒன்றில் சோதித்த பிறகே அசலில் ஓட்டுங்கள்.

2. எதையும் அழிக்கும் முன் நகல்

3-2-1 விதி போதும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ நம்பகமான ஒருவர் வீட்டு டிஸ்க்கிலோ ஒன்று.

கணினி ஃபோல்டரை கிளவுடோடு சிங்க் செய்வதை பேக்கப் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். சிங்க் என்றால் இங்கே அழித்தது அங்கேயும் அழியும். பழைய பதிப்புகளைச் சில மாதங்களாவது வைத்திருக்கும் ஏற்பாடு இருந்தால்தான் அதைப் பாதுகாப்பாகக் கணக்கில் சேர்க்கலாம். லைட்ரூம் பயன்படுத்துவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மென்பொருள் அவ்வப்போது எடுக்கும் பேக்கப் கேட்டலாகுக்கு மட்டும்தான். அதில் எடிட்டும் நட்சத்திரமும் இருக்கும், படங்கள் இருக்காது.

நகலெடுத்ததும் வெளி டிஸ்க்கிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது ரா கோப்புகளை (சென்சாரின் மூலத் தரவை அப்படியே வைத்திருப்பவை) முழு அளவில் திறந்து பாருங்கள். சிறுபடம் தெரிந்தாலே கோப்பு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். ரா கோப்புக்குள் தனியாக ஒரு ஜேபெக் முன்னோட்டம் ஒளிந்திருக்கும். உள்ளே மூலத் தரவு சிதைந்திருந்தாலும் அந்த முன்னோட்டம் அழகாகவே தெரியும். அலமாரியில் வருடக்கணக்கில் மின்சாரமில்லாமல் கிடக்கப்போகும் பிரதிக்கு எஸ்எஸ்டியையும் மெமரி கார்டையும் தவிர்த்து, சுழலும் ஹார்டு டிஸ்க்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

3. மூன்று சுற்றுத் தேர்வு

முதல் சுற்றில் படம் திரை முழுக்க இருக்கட்டும், பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம். ஒரு படத்துக்கு இரண்டு நொடி, இரண்டே முடிவு: இருக்கட்டும், அல்லது தள்ளு. லைட்ரூமில் கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டு, வைத்துக்கொள்ள ‘பி’ விசை, தள்ள ‘எக்ஸ்’ விசை என்று அழுத்தினால் அடுத்த படம் தானாக வரும். டார்க்டேபிள், டிஜிகாம் ஆகிய மென்பொருள்கள் இரண்டிலும் இதே வேலைக்கு விசைகள் உண்டு. ஆண்டின் பழைய மாதங்களிலிருந்து தொடங்குங்கள். போன வாரப் படத்தில் அன்றைய நாளின் உற்சாகம் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்து மாதப் பழைய படம் தன் பலத்தில்தான் நிற்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள்.

இரண்டாவது சுற்று ஒருநாள் கழித்து. தொடர்ச்சியாக எடுத்த ஒரே மாதிரிப் படங்களை அருகருகே வைத்து ஒன்றைத் தேர்வு செய்யும் சுற்று இது. முதலில் முகபாவத்தையும் உடலின் நிலையையும் பாருங்கள், கூர்மையை அப்புறம் பாருங்கள். லேசான கூர்மைக் குறைவு பிரிண்டில் தெரியாமல் போகலாம். பாதி மூடிய கண் எந்த அளவிலும் தெரியும்.

மூன்றாவது சுற்றுக்கு ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். இம்முறை படங்களைத் தபால்தலை அளவில் வைத்துப் பாருங்கள். அந்த அளவில் நுணுக்கம் மறைந்து, வெளிச்சமும் வடிவமும் மட்டும் நிற்கும். அப்போதும் கண்ணை இழுக்கும் படங்கள் இருபது முப்பது தேறினால் போதும். மாதத்துக்கு ஒன்று என்று ஒதுக்கீடு வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒரு மாதத்தில் ஐந்து நல்ல படங்களும் அடுத்த மாதத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால், அதுவே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

4. தள்ளிய படங்களின் கணக்கு

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். தள்ளியவை ஆயிரக்கணக்கில் இருக்கும், எல்லாவற்றையும் ஆராய வேண்டியதில்லை. நேர வரிசையில் அடுக்கி, இருபது படத்துக்கு ஒன்று என எடுங்கள். இருநூறு முந்நூறு சேர்ந்தால் போதும். கண்ணில் பட்டதைப் பொறுக்கினால் கணக்கு கோணலாகிவிடும். எண்ணித்தான் எடுக்க வேண்டும்.

ஒவ்வொன்றையும் 100 சதவீத அளவில் பார்த்து, கெட்டதற்கான முதல் காரணத்தை ஒரே ஒரு குறிச்சொல்லாகப் போடுங்கள்: கை அசைவு, பொருள் அசைவு, ஃபோகஸ், வெளிச்சம், ஃபிரேம், கணம் தவறியது, பொருளே இல்லை. இரண்டு காரணம் தெரிந்தால், எது இல்லாமல் இருந்திருந்தால் படம் பிழைத்திருக்குமோ அதைப் போடுங்கள்.

மங்கல்களைப் பிரித்தறிவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எல்லா மங்கலையும் ‘ஃபோகஸ் போச்சு’ என்று எழுதிவிட்டால் கணக்கு பயனில்லாமல் போகும்.

படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டு, சின்ன விளக்குகளும் மினுக்கல்களும் எல்லாம் ஒரே மாதிரிக் கோடாகியிருந்தால் அது கை அசைவு. கையில் பிடித்து எடுக்க, ஃபோகல் லெங்த்தின் (லென்ஸின் மேல் மி.மீ.-இல் எழுதியிருக்கும் எண்) தலைகீழ் எண்ணே குறைந்தபட்ச வேகம் என்பது பழைய விதி. சிறிய சென்சாரில் ஃபோகல் லெங்த்தை முதலில் 1.5-ஆலோ 1.6-ஆலோ, மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் என்ற இன்னும் சிறிய வகை என்றால் 2-ஆலோ பெருக்க வேண்டும். 1.5 பெருக்கமுள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போல நடந்துகொள்ளும், ஆகவே 1/80. இருபத்து நான்கு மெகாபிக்சலும் அதற்கு மேலும் உள்ள படத்தை 100 சதவீதத்தில் பார்த்துத் திருப்திப்பட வேண்டுமென்றால் அதையும் இரட்டித்து 1/160. ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி) இருந்தால் இதைவிடக் கீழே போகலாம். எவ்வளவு என்பதைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1/60, 1/30, 1/15, 1/8 என்று ஒவ்வொன்றிலும் பத்துப் படம் எடுங்கள். பத்துக்கு எட்டு கூர்மையாக வரும் கடைசி வேகம்தான் உங்கள் எல்லை.

சுவரும் மேசையும் கூர்மையாக இருக்க, ஆள் மட்டும் கலங்கியிருந்தால் அது பொருள் அசைவு. ஸ்டெபிலைசர் இதற்கு உதவாது. நின்று பேசுகிறவருக்கு 1/125, ஓடியாடும் குழந்தைகளுக்கு 1/500, விளையாட்டுக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

வேறு ஏதோ ஒரு தளம் கூர்மையாக இருந்தால் அது ஃபோகஸ் பிழை. கண்ணுக்குப் பதில் காது, முகத்துக்குப் பதில் பின்னால் உள்ள கிளை என்று கூர்மையான இடத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருந்தால், டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கான ஃபோகஸ் திருத்தம் தேவைப்படலாம். ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால் என்று மாறி மாறி இருந்தால், ஃபோகஸ் பிடித்த பிறகு நீங்களோ எதிரில் இருப்பவரோ நகர்ந்திருக்கிறீர்கள். ஒற்றை ஃபோகஸிலிருந்து தொடர் ஃபோகஸுக்கு மாறுவதுதான் அதற்கு மருந்து.

எங்குமே கூர்மையில்லை, திசையும் தெரியவில்லை என்றால் சந்தேகப் பட்டியல் நீளும். எஃப்/22 போன்ற மிகச் சிறிய துளையில் ஒளி விலகிப் பரவி மென்மையாக்கும். ஃபில்டரில் விரல் ரேகை இருக்கலாம். நீண்ட லென்ஸில் தூரத்துக் காட்சி என்றால் காற்றின் வெப்ப அலை காரணமாகலாம். இது வெயில் காலத்தோடு முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கதகதப்பான காருக்குள்ளிருந்து ஜன்னலை இறக்கிக் குளிருக்குள் எடுத்தாலும், உள்ளே சூடாக இருந்த லென்ஸை வெளியே கொண்டுவந்த உடனே எடுத்தாலும், லென்ஸ் முன்னால் காற்று நடுங்கி இதே மங்கல் வரும். படத்தின் ஒரு பக்க ஓரம் மட்டும் எப்போதும் மங்கல் என்றால் லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கலாம். ஒரு செங்கல் சுவரை நேராக நின்று எடுத்து, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து மறுபடி எடுங்கள். மங்கல் ஃபிரேமின் அதே ஓரத்திலேயே இருந்தால் லென்ஸ்தான். சுவரோடு சேர்ந்து இடம் மாறினால் நீங்கள் நேராக நிற்கவில்லை.

இப்போது முக்கியமான ஒரு சோதனை. இரண்டு அசைவுக் குறிச்சொற்களும் போட்ட படங்களை மட்டும் வடிகட்டி, அவற்றின் ஐஎஸ்ஓவைப் பாருங்கள். 1/40, ஐஎஸ்ஓ 400 என்று வரிசையாக வந்தால் நோய் பிடிபட்டுவிட்டது. ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றியிருந்தால் மூன்று ஸ்டாப், அதாவது மூன்று இரட்டிப்பு, கிடைத்து, அதே வெளிச்சத்தில் 1/320-இல் எடுத்திருக்கலாம். புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸை மென்பொருள் பெருமளவு குறைத்துவிடும். அசைவு மங்கலை அப்படி நம்பகமாக மீட்க வழியில்லை. உயர்ந்த ஐஎஸ்ஓ மீதான பயம் கெடுத்த படங்கள், உயர்ந்த ஐஎஸ்ஓ கெடுத்த படங்களைவிட அநேகமாக எல்லோரிடமும் அதிகமாகவே இருக்கும். தீர்வு எளிது: ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு, உச்சம் 6400, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250 என்று மெனுவில் பூட்டிவிடுங்கள்.

வெளிச்சக் குறையில் இரண்டு வகை. வானமோ வெள்ளை உடையோ வெளுத்து விவரம் அழிந்துபோனது ஒன்று, இருட்டாக எடுத்துப் பின்னர் ஏற்றியதால் நிழலில் அழுக்கு படிந்தது மற்றொன்று. முதல் வகை அதிகமென்றால் வெளுக்கும் இடத்தைச் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையைப் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்புப் பூக்களில் மொத்த ஹிஸ்டோகிராம் (இருட்டிலிருந்து வெளிச்சம் வரை பரவலைக் காட்டும் வரைபடம்) நன்றாக இருந்தும் சிவப்பு மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். மூன்று நிற ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்க வேண்டும். எல்இடி விளக்கின் கீழ் கிடைமட்டப் பட்டைகள் தெரிந்தால் எலக்ட்ரானிக் ஷட்டர் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள்.

ஃபிரேம் குறைகள் பெரும்பாலும் ஓரங்களில் இருக்கும். வெட்டுப்பட்ட பாதம், தலைக்குப் பின்னால் முளைத்த கம்பம், மூலையில் நுழைந்த பை. ஷட்டரை அழுத்தும் முன் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பார்க்கும் பழக்கம் இவற்றில் பாதியை ஒழிக்கும். ‘பொருளே இல்லை’ என்ற குறிச்சொல் நிறைய விழுந்தால் மனம் தளர வேண்டாம். இடம் அழகாக இருந்தது, ஆனால் எதைக் காட்டுகிறோம் என்று முடிவு செய்யாமல் எடுத்தோம் என்பதுதான் அதன் பொருள். அடுத்தமுறை எடுக்கும் முன் ‘இது எதைப் பற்றிய படம்’ என்று ஒரு சொல்லில் சொல்லிப் பாருங்கள்.

எண்ணி முடித்ததும், காரணத்துக்கு ஐந்து படம் மாதிரிக்கு வைத்துக்கொண்டு மற்ற தள்ளிய படங்களை அழித்துவிடலாம்.

5. எண்கள் சொல்வது

லைட்ரூமின் வடிகட்டிப் பட்டியிலும் டார்க்டேபிளின் தொகுப்புப் பகுதியிலும் ஃபோகல் லெங்த், லென்ஸ், ஐஎஸ்ஓ வாரியாக எண்ணிக்கை கிடைக்கும். இந்தக் கணக்குக்கு அழிப்பதற்கு முன் இருந்த மொத்த எண்ணிக்கையும் தேவை, முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை எடுத்தீர்கள் என்பதைவிட, எடுத்ததில் எத்தனை தேறியது என்பதே பயனுள்ள எண். 35 மி.மீ.-இல் 400 எடுத்து 12 தேறியது, 200 மி.மீ.-இல் 1,200 எடுத்து 6 தேறியது என்று வைத்துக்கொள்வோம். முன்னது நூற்றுக்கு மூன்று, பின்னது இருநூறுக்கு ஒன்று. நீங்கள் விரும்பிப் பயன்படுத்தும் லென்ஸும் உங்களுக்கு வசப்பட்ட லென்ஸும் வேறு வேறாக இருக்கலாம் என்பது இப்படித்தான் வெளிவரும்.

ஜூம் லென்ஸில் இரண்டு முனைகளில் மட்டும் படங்கள் குவிந்து நடுவில் காலியாக இருந்தால், ஃபிரேமை முடிவு செய்யாமல் முனை வரை திருகிவிட்டு அழுத்துகிறீர்கள். நீண்ட முனையில் எடுத்த தேர்வுகளை எவ்வளவு வெட்டியிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். நீளம், அகலம் இரண்டையும் பாதியாக வெட்டினால் 24 மெகாபிக்சல் 6 ஆகிவிடும். இது தொடர்ந்து நடந்தால்தான் இன்னும் நீண்ட லென்ஸ் தேவையா என்ற கேள்விக்கே இடம். அப்போதும், முன்னால் நான்கு அடி நடந்திருக்க முடியுமா என்பதை முதலில் கேளுங்கள்.

6. அடுத்த ஆண்டுக்கு

காரணப் பட்டியலில் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு காரணங்களையும் ஒரேயடியாகத் திருத்த முடியாது. ஒவ்வொன்றுக்கும் கேமராவில் ஒரு அமைப்பு, கையில் ஒரு பயிற்சி. பொருள் அசைவு என்றால் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தைப் பூட்டுவது அமைப்பு, நடந்துபோகும் ஒருவரை 1/60, 1/250, 1/1000 மூன்றிலும் எடுத்து ஒப்பிடுவது பயிற்சி. மூன்று மாதம் கழித்து அதே முறையில் நூறு படத்தை மாதிரி எடுத்து எண்ணுங்கள். பங்கு குறைந்திருந்தால் அடுத்த காரணத்துக்குப் போகலாம்.

இதோடு நீண்டகாலத்துக்கு ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொள்வது மிகவும் நல்லது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் விவசாயியாக இருந்த வில்சன் பென்ட்லி, மைக்ரோஸ்கோப்போடு கேமராவை இணைத்து 1885 ஜனவரியில் முதல் பனித்துகளைப் படம் பிடித்தார். 1931-இல் இறக்கும்வரை அதையே தொடர்ந்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பனித்துகள்களைப் பதிவு செய்தார். குளிர்காலத்தில் மட்டுமே கிடைத்த பொருள் அது. வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் ஒரு மரம்கூட ஓராண்டுக்குப் போதுமான பொருள்தான்.

7. தேர்ந்தவற்றைத் தாளில் பார்த்தல்

முப்பது தேர்வுகளையும் 10×15 செ.மீ. அளவில் மலிவாகவே பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும்போது தெரியாத திரும்பச் செய்தல்கள் அப்போது தெரியும். ஒரே உயரத்திலிருந்து எடுத்த பார்வை, ஒரே இடத்தில் வைத்த தொடுவானம், எப்போதும் நடுவில் நிற்கும் ஆள்.

பிரிண்ட் இருட்டாக வந்தது என்ற குறைக்கு மிகப் பெரும்பாலும் காரணம் திரையின் அதிக வெளிச்சம். எடிட் செய்யும் திரை சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா அளவில் இருக்க வேண்டும். அளக்கும் கருவி இல்லையென்றால், நல்ல விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்கு அருகில் பிடித்து, வெற்று ஆவணத்தின் வெண்மை தாளின் வெண்மையோடு ஒத்துப்போகும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். லேபுக்கு அனுப்பும்போது, அவர்கள் வேறு கேட்காவிட்டால் எஸ்ஆர்ஜிபி நிறவெளி. 6000×4000 பிக்சல் படம், அங்குலத்துக்கு 300 என்ற தரத்தில் சுமார் 51×34 செ.மீ. வரை போகும். போனின் 4:3 படம் 10×15 தாளில் மேலும் கீழும் வெட்டுப்படும். அதை நீங்களே முன்கூட்டி வெட்டிக் கொடுங்கள்.

8. கருவிப் பராமரிப்பு

சென்சார் தூசியைப் பார்க்க, லென்ஸை எஃப்/16-க்குக் குறைத்து, ஐஎஸ்ஓ 100 வைத்து, ஃபோகஸைக் கெடுத்துவிட்டு, ஒரு வெள்ளைச் சுவரை ஒரு நொடி அளவில் கேமராவை அசைத்தபடியே எடுங்கள். சுவரின் கறைகள் கலைந்துபோகும். சென்சாரில் உள்ள புள்ளிகள் மட்டும் அசையாமல் நிற்கும். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கும்போது சுத்தம் செய்யும் மெனுவைத் திறந்து, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயாலோ அழுத்தக் காற்று டின்னாலோ ஊதக்கூடாது. முன்னதில் எச்சில் துளி, பின்னதில் திரவம் தெறித்து ஒட்டும். போகாத புள்ளிக்குத்தான் ஈர ஸ்வாப் (சென்சார் துடைக்கும் குச்சி). முழு ஃபிரேம் சென்சாருக்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ. அகலம், இரண்டு துளி திரவம், ஒரு பக்கமாக ஓர் இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால் எதிர்த்திசையில் ஓர் இழுப்பு. அதோடு அந்த ஸ்வாப் முடிந்தது.

லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் பூஞ்சை. அதை மற்ற லென்ஸ்களிடமிருந்து பிரித்து வைத்துவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள். வைக்கும் பெட்டியில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். 60-க்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்கு வழி, 30-க்குக் கீழே போவதும் ரப்பருக்கும் மசகுக்கும் நல்லதல்ல. மலிவான ஈரமானிகள் பொய் சொல்லும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைச் சில துளித் தண்ணீர் விட்டுச் சேறுபோல் குழைத்து, ஈரமானியோடு சேர்த்து ஜிப் பைக்குள் அடைத்து ஒருநாள் வையுங்கள். அறை வெப்பநிலையில் அது 75 காட்ட வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அதை மானியின் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

வாரக்கணக்கில் தொடப்போகாத லித்தியம் பேட்டரியைக் கேமராவிலிருந்து கழற்றி, பாதிச் சார்ஜில், குளுமையான உலர்ந்த இடத்தில் வையுங்கள். முழுச் சார்ஜிலோ முற்றிலும் இறங்கியோ கிடந்தால் ஆயுள் குறையும்.

9. குளிரில் வெளியே எடுக்க

பெரும்பாலான கேமராக்கள் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் உத்தரவாதமாக இயங்கும் என்று கையேடு சொல்லும். அதற்குக் கீழேயும் ஓடும், ஆனால் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி, பாதி காட்டிய பேட்டரி சட்டென்று காலியாகும். உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடம்போடு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். ‘காலி’யான பேட்டரி சூடானதும் இன்னும் சில படங்கள் கொடுக்கும்.

மூடுபனியையும் வெண்பனியையும் கேமரா நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். மூடுபனிக்கு +0.7 முதல் +1, வெயில் விழும் வெண்பனிக்கு +1 முதல் +2 வரை எக்ஸ்போஷர் கூட்டி, ஹிஸ்டோகிராம் வலது சுவரைத் தொடாமல் நிற்பதைப் பாருங்கள். நிழலில் கிடக்கும் பனி நீலமாகத்தான் தெரியும், ஏனென்றால் அதன்மேல் விழுவது வானத்தின் வெளிச்சம். அதை முழுக்கப் போக்கிவிட்டால் குளிரே படத்தை விட்டுப் போய்விடும். ரா கோப்பில் எடுத்து வீட்டில் முடிவு செய்யுங்கள்.

வெளியே வந்ததும் லென்ஸ் குளிர்ந்து வெளிக் காற்றின் நிலைக்கு வர இருபது முப்பது நிமிடம் கொடுங்கள். உறைபனி படிந்த இலை, ஜன்னல் கண்ணாடி போன்றவற்றை நெருங்கி எடுக்கும்போது மூச்சைப் பக்கவாட்டில் விடுங்கள். நேராக விட்டால் பனியும் உருகும், வியூஃபைண்டரும் மூடிக்கொள்ளும்.

திரும்பி வருவதுதான் ஆபத்தான கட்டம். குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் அறையின் ஈரம் அதன்மேல் நீராகப் படியும், உள்ளேயும் படியும். கதவுக்கு வெளியிலேயே கார்டையும் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு, கேமராவை ஜிப் பைக்குள் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். இனி நீர் பையின் வெளிப்பக்கம் படியும். பை அறைச் சூட்டுக்கு வரும்வரை, சாதாரணமாக ஒன்றிரண்டு மணி நேரம், திறக்காதீர்கள். பெரிய டெலி லென்ஸ் என்றால் இன்னும் கூடுதல். அதுவரை கையில் கார்டு இருக்கிறது. அதைக் கணினியில் போட்டு நகலெடுத்து, தள்ளும் படங்களுக்கு அன்றைக்கே காரணக் குறிச்சொல்லைப் போட்டு முடித்துவிடலாம்.